இழுக்கும் நாயும் இறுக்கும் பட்டையும்

மாலை வேளையில் கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குச் சென்றால் இக்காட்சியைக் காணலாம். நாய் முன்னே பாயும்; கயிற்றைப் பிடித்த சிறுமி பின்னே ஓடுவாள். யார் யாரை உலாவ அழைத்து வந்தார்கள் என்றே தெரியாது! நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் அந்த நாய் இருமிக்கொண்டே ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா?

நாயின் கழுத்தில், தோலுக்குச் சற்று உள்ளேயே மூச்சுக்குழல் இருக்கிறது. விலங்கியல் பாடத்தில் படித்த குருத்தெலும்பு வளையங்களே அதைத் திறந்து வைத்திருக்கின்றன. அருகில் தைராய்டு சுரப்பியும், தலையிலிருந்து இரத்தம் இறங்கும் சிரைகளும் உள்ளன. பட்டை இறுகினால் இவை யாவும் அழுந்துகின்றன. கழுத்துப் பட்டையோடு இழுக்கும் நாயின் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது என்றும், மார்பு வாரோடு இழுக்கும்போது அவ்வாறு உயர்வதில்லை என்றும் 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இழுக்க இழுக்க இறுகும் சங்கிலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதை வாங்காதீர்கள்.

எனவே இழுக்கும் நாய்க்கு ஹார்னஸ் எனப்படும் மார்பு வாரே ஏற்றது. கடையில் வெறுமனே 'பெல்ட்' என்று கேட்டால் கழுத்துப் பட்டையைத்தான் எடுத்துத் தருவார்கள். ஹார்னஸிலும் இரு வகை உண்டு. கயிறு மாட்டும் வளையம் முதுகில் இருந்தால் கழுத்துக்கு நோவில்லை. ஆனால் இழுப்பு குறையாது. நல்ல நுகத்தடி பூட்டிய வண்டிமாடு போல, நாய் உடல் பலம் முழுவதையும் போட்டு இழுக்கும். வளையம் மார்பின் முன்புறம் இருந்தால், இழுத்தவுடன் அதன் உடல் நம் பக்கம் திரும்பிவிடும். பஸ்ஸும் லாரியும் விரையும் கடலூர் – சிதம்பரம் சாலையோரத்தில் நடப்பவர்களுக்கு இதுவே நல்லது.

நம் நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குத் தலை சிறியது, கழுத்து நீண்டது. பின்வாங்கினால் சாதாரணப் பட்டை காதுக்கு மேலாக நழுவிவிடும். சிதம்பரத்தில் என் மாமா வீட்டுச் சிப்பிப்பாறை ஒரு தீபாவளி இரவில், வெடிச் சத்தத்துக்கு மிரண்டு, வெறும் பட்டையை அவர் கையில் விட்டுவிட்டு ஓடியது. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. இப்போது அதற்கு வயிற்றருகே மூன்றாவது வார் உள்ள ஹார்னஸ்.

வாங்குமுன் நாயை நிற்கவைத்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவை நூலால் அளந்து செல்லுங்கள். மாட்டியபின் வாருக்கும் உடலுக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும். அக்குளில் உரசக் கூடாது. கடற்கரைக்குப் போய் வந்தால் மணலும் உப்பும் போக அலசிக் காயவையுங்கள். இல்லாவிடில் தோல் புண்ணாகும். வீட்டுக்குள் ஹார்னஸ் வேண்டியதில்லை.

பகலெல்லாம் கட்டிக்கிடக்கும் நாய்தான் வெளியே வந்ததும் வெறிகொண்டு இழுக்கிறது. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாயைத் தினமும் வெளியே அழைத்துச் செல்லுங்கள். அது இழுத்தால் நின்றுவிடுங்கள். கயிறு தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனையைக்கூடத் தாண்ட முடியாது. அதனால் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள்!