சிஎஃப்ஏ: எந்த லெவல் கஷ்டம்?

முதலீட்டுத் துறைக்கான மூன்று கட்டத் தேர்வான சிஎஃப்ஏ-வுக்குப் பணம் கட்டப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி சிலபஸைப் பற்றியதாக இருக்காது. "மூணுல எதுங்க ரொம்பக் கஷ்டம்?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவதுதான் என்று ஒரு கோஷ்டி சத்தியம் பண்ணும். மூன்றாவதில் மாட்டிக்கொண்டு வருஷங்களைத் தொலைத்தவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் லெவலோடு விட்டுவிட்டவர்கள் இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. அதனாலேயே அது சுலபம் என்று பெயர் எடுத்துவிட்டது.

தேர்ச்சி விகிதத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. 2024-இல் முதல் லெவல் எழுதியவர்களில் ஒவ்வொரு முறையும் 43 முதல் 46 சதவீதம் பேர் தேறினார்கள். மூன்றாம் லெவலில் 48, 49 சதவீதம். இரண்டாம் லெவல் மே மாதத்தில் 59, நவம்பரில் 39 என்று ஊசலாடியது. இதைப் பார்த்துவிட்டுப் போகப் போக லேசாகிறது என்று முடிவு கட்டினால் தப்பு. முதல் லெவல் ஹாலில் கல்லூரி கடைசி வருஷத்துப் பிள்ளைகள், சும்மா எழுதிப் பார்ப்போம் என்று வந்தவர்கள், ஆபீஸ் பணம் கட்டியதால் வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் லெவல் ஹாலில் இருப்பவர்களோ ஏற்கெனவே இரண்டு முறை வடிகட்டப்பட்டவர்கள். அவர்களிலேயே பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள் என்பதுதான் அந்த 48-க்கு அர்த்தம்.

என் கணிப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிப்புச் சுமையில் இரண்டாவது லெவலை மிஞ்ச எதுவும் இல்லை. ஆளைக் கவிழ்ப்பதில் மூன்றாவது கெட்டிக்காரன். ஆனால் மூன்றும் கேட்கிற வேலையே வேறு வேறு. முந்தைய லெவலைத் தாண்ட உதவிய படிப்பு முறையை அப்படியே அடுத்ததற்கும் எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரே கடன் பத்திரத்தை மூன்று ஹாலுக்கும் கொண்டுபோய்ப் பார்த்தால் இது பிடிபடும்.

முதல் லெவலில் அந்தப் பத்திரம் மூன்று வரியில் வரும். விலை 1,000, மாடிஃபைட் டியூரேஷன் 6, யீல்டு அரை சதவீதம் ஏறினால் விலை ஏறத்தாழ என்ன ஆகும்? டியூரேஷன் என்பது யீல்டு ஒரு சதவீதம் நகர்ந்தால் விலை எதிர்த்திசையில் ஏறத்தாழ எத்தனை சதவீதம் நகரும் என்ற அளவு. ஆறை அரையால் பெருக்கினால் 3 சதவீதம். விலை 970-க்குப் பக்கத்தில் இறங்கும். ஏ, பி, சி என்று மூன்று விடைகள் இருக்கும். அதில் ஒன்று 1,030 என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவசரத்தில் திசையை மாற்றிப் போடுகிறவர்களுக்காக வைத்தது அது.

இந்தக் கேள்வியில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டம் எண்ணிக்கையில் இருக்கிறது. மொத்தம் 180 கேள்விகள், 135 நிமிஷங்களில் 90, மறுபடி 135 நிமிஷங்களில் 90. ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான். நெறிமுறையில் தொடங்கி புள்ளியியல், பொருளாதாரம், நிதி அறிக்கை, பங்கு, பத்திரம், டெரிவேட்டிவ் என்று பத்துப் பாடங்கள். எதிலும் ஆழமாக முங்க விடமாட்டார்கள், எதையும் விட்டுவைக்கவும் மாட்டார்கள். தப்பான விடைக்கு மார்க் குறைப்பது கிடையாது என்பதால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக் கூடாது.

இங்கே கால்குலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலுக்குள் அனுமதி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ டூ பிளஸ், ஹெச்பி 12சி ஆகிய இரண்டு வகைக்கு மட்டும். நம் ஊரில் பெரும்பாலோர் வாங்குவது முதலாவதை. பெட்டியிலிருந்து எடுத்த கையோடு அதில் 2 + 3 × 4 போட்டுப் பாருங்கள், 20 என்று காட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசைப்படி 14 வர வேண்டுமானால் செட்டிங்கில் போய் மாற்ற வேண்டும். தசம இடமும் இரண்டில்தான் நிற்கும், அதையும் கூட்டிவைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய கணக்கின் எண்களை அழிக்காமல் அடுத்ததைத் தொடங்கினால் விடை பொய் சொல்லும். இதெல்லாம் விரல் பழக்கம். முதல் லெவலில் பாதி இந்த மாதிரிப் பழக்கம்தான் என்பதால் பாடத்தை முழுக்க முடித்துவிட்டுக் கேள்விகளைப் போட உட்காரலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். முதல் வாரத்திலிருந்தே கேள்விகளைப் போட ஆரம்பியுங்கள். 15 முதல் 20 சதவீதம் வரை எடை உள்ள நெறிமுறையைக் கடைசி இரண்டு வாரத்தில் இன்னொரு சுற்றுப் படியுங்கள்.

இரண்டாம் லெவலில் அதே பத்திரம் ஒரு பக்கக் கதைக்குள் ஒளிந்திருக்கும். விக்னெட் என்பார்கள். ஒரு முதலீட்டு நிறுவனம், அதில் ஒரு சீனியர், ஒரு ஜூனியர், ஜூனியர் சொல்லும் மூன்று கருத்துகள், இரண்டு அட்டவணைகள். வட்டி இறங்கினால் கம்பெனி இந்தப் பத்திரத்தை முன்கூட்டியே திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்கிற நிபந்தனை எங்கோ ஓர் ஓரத்தில் ஒற்றை வரியாக இருக்கும். அது கண்ணில் படாவிட்டால் முதல் லெவல் சூத்திரத்தைப் போட்டுவிடுவீர்கள். அந்தத் தப்புக்குப் பொருத்தமான விடையும் பட்டியலில் காத்திருக்கும்.

இங்கே வேண்டியது அந்த நிபந்தனையையும் கணக்கில் எடுக்கும் எஃபெக்டிவ் டியூரேஷன். பத்திரத்தின் விலை இப்போது 101. வட்டி 0.3 சதவீதம் இறங்கினால் 101.70, அதே அளவு ஏறினால் 100. வித்தியாசமான 1.70-ஐ 2 × 101 × 0.003, அதாவது 0.606-ஆல் வகுத்தால் 2.8. கணக்கு முடிந்தது, கேள்வி முடியவில்லை. வட்டி இறங்கும்போது லாபம் 70 காசு, ஏறும்போது நஷ்டம் ஒரு ரூபாய். ஏன்? வட்டி இறங்க இறங்க, கம்பெனி பத்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. விலையும் அதற்கு மேல் ஏறத் தயங்குகிறது. இதைத்தான் நெகட்டிவ் கான்வெக்ஸிட்டி என்பார்கள். ஜூனியரோ இந்தப் பத்திரத்தின் கான்வெக்ஸிட்டி எப்போதும் பாசிட்டிவ் என்று அடித்துச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதில் எது சரி, எது தப்பு என்பது அடுத்த கேள்வி.

இப்படி 22 கதைகள், கதைக்கு நான்கு கேள்விகள், ஆக 88. நேரம் 4 மணி 24 நிமிஷம். படிக்கவும் கணக்குப் போடவும் சேர்த்து ஒரு கதைக்கு 12 நிமிஷம். ஒரு பாடம் தெரியாவிட்டால் முதல் லெவலில் அங்கங்கே ஒரு மார்க் போகும். இங்கே நாலும் மொத்தமாகப் போகும். போதாக்குறைக்குப் பாடங்களின் எடை கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. எதுவும் 5 சதவீதத்துக்குக் கீழே இல்லை, 15-க்கு மேலேயும் இல்லை. பிடித்ததை வைத்துப் பிடிக்காததை ஈடுகட்டலாம் என்கிற சாமர்த்தியம் செல்லாது.

யாருக்கு எங்கே வலிக்கும் என்பது படிப்பைப் பொறுத்தது. இன்ஜினியரிங் முடித்தவர்கள் முதல் லெவலில் கணக்கின் தயவில் தப்பித்திருப்பார்கள். இரண்டாவதில் நிதி அறிக்கைப் பாடம் அவர்களை உட்கார்த்திவைத்துவிடும். வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் கணக்கைத் தாய் நிறுவனத்தின் நாணயத்துக்கு மாற்ற கரன்ட் ரேட் முறை ஒன்று, டெம்போரல் முறை ஒன்று. சரக்கிருப்பை எந்தத் தேதி விகிதத்தில் மாற்றுவது, வித்தியாசம் லாப நஷ்டக் கணக்குக்குப் போகுமா, பங்கு மூலதனப் பகுதிக்குப் போகுமா என்று தலை சுற்றும். பி.காம், சிஏ படித்தவர்களுக்கு இது பழகிய தெரு. அவர்கள் தடுமாறுவது வட்டி மரத்திலும் ரிக்ரெஷனிலும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. இங்கிலீஷ் புரியும், ஆனால் வேகமாக ஓடாது. அவர்களுக்கு நான் சொல்வது, நாலு கேள்விகளையும் முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கதைக்குள் போங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் கண் தானாக வேகம் பிடிக்கும்.

மூன்றாம் லெவலில் பத்திரம் ஓர் ஓய்வூதிய நிதிக்குள் போய்விடும். நிதியின் சொத்து 1,000 கோடி, டியூரேஷன் 6. ஓய்வூதியர்களுக்குத் தர வேண்டிய பொறுப்பு இன்றைய மதிப்பில் 900 கோடி, டியூரேஷன் 12. கையில் 100 கோடி உபரி இருக்கிறது என்று அறங்காவலர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். வட்டி 1 சதவீதம் இறங்கினால்? சொத்து சுமார் 60 கோடி ஏறும், பொறுப்பு 108 கோடி ஏறும், உபரி 52 கோடியாகச் சுருங்கும். இரண்டாம் லெவல் தாண்டியவருக்கு இது ஒரு நிமிஷக் கணக்கு.

ஆனால் கேள்வி அது இல்லை. நிதிக்கு என்ன பரிந்துரைப்பீர்கள், இரண்டு காரணம் கொடுங்கள் என்று ஒரு காலிப் பெட்டி திறக்கும். ஏ, பி, சி கிடையாது, டைப் பண்ண வேண்டும். நிலையான வட்டியைப் பெறும் ஸ்வாப் ஒப்பந்தம் எடுத்து இடைவெளியைக் குறைக்கலாம் என்று எழுதுகிறீர்கள். காரணம் ஒன்று, பொறுப்பின் டியூரேஷன் அதிகம் என்பதால் வட்டி இறக்கம் இந்த நிதியைத்தான் கடிக்கும். இரண்டு, கையிலுள்ள பத்திரங்களை விற்காமலே இதைச் செய்ய முடியும். நிதி மேலாளர் வட்டி ஏறும் என்று எதிர்பார்க்கிறார் என்று கதையில் ஒரு வரி இருந்தால், முழு இடைவெளியையும் மூடாமல் பாதியோடு நிறுத்தச் சொல்வதுதான் பொருத்தம். காரணங்கள் கதையிலிருந்து எழ வேண்டும். ஸ்வாப் என்றால் என்ன என்று அரைப் பக்கம் விளக்கினால் மார்க் விழாது. இரண்டு காரணம் கேட்ட இடத்தில் நாலு எழுதினால் முதல் இரண்டைத்தான் திருத்துவார்கள். அந்த இரண்டில் ஒன்று சொத்தை என்றால் மீதி இரண்டும் காப்பாற்றாது.

இரண்டாம் லெவலில் நன்றாகச் செய்தவர்கள் இங்கே சறுக்குவது இதனால்தான். விடை அவர்களுக்குத் தெரியும், பார்த்தால் அடையாளம் கண்டுவிடுவார்கள். வெற்றுப் பெட்டியில் தாங்களாக எழுத வரவில்லை. கேள்விகளில் பாதி பழைய விக்னெட் பாணிதான் என்றாலும் மறுபாதியை யாரும் ஒப்பேற்ற முடியாது. இங்கிலீஷைப் பற்றிய பயம் மட்டும் வேண்டாம். இலக்கணத்துக்கு மார்க் இல்லை, துண்டு வாக்கியங்கள் போதும். முதல் மாதத்திலிருந்தே வாரம் சில விடைகளை நேரம் வைத்து டைப் செய்து மாதிரி விடையோடு ஒப்பிடுங்கள். வாசிப்பைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

2025 முதல் மூன்றாம் லெவலில் போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட், பிரைவேட் மார்க்கெட்ஸ், பிரைவேட் வெல்த் என்று மூன்று பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எல்லாருக்கும் பொது. பார்க்கிற வேலைக்கு ஏற்றதை எடுப்பது உத்தமம். வேலை இன்னும் முடிவாகாதவர்களுக்கு முதல் பிரிவே போதும்.

ஒவ்வொரு லெவலுக்கும் 300 மணி நேரம் என்பது தேர்வை நடத்தும் நிறுவனமே சொல்லும் கணக்கு. வாரத்துக்கு 12 மணி நேரம் என்றால் அரை வருஷம். இரண்டாவதுக்கு இதற்கு மேலும் ஒதுக்குங்கள். முதல் லெவல் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என நாலு முறை வருகிறது. இரண்டாவது மே, ஆகஸ்ட், நவம்பரில். மூன்றாவது பிப்ரவரி, ஆகஸ்டில் மட்டும். பிப்ரவரியில் முதலாவதை எழுதிய சூட்டோடு மே மாதமே இரண்டாவதையும் எழுதிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ரிசல்ட் வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், மிச்சம் சில வாரங்கள்தான். ஆடிட்டிலோ வங்கியிலோ இருப்பவர்களுக்கு மார்ச் கணக்கு முடிப்பும் அதன் பின்வேலையும் மே மாதத்தைத் தின்றுவிடும், நவம்பரே வசதி. ஒரு லெவலை வருஷத்துக்கு இரண்டு முறை, மொத்தத்தில் ஆறு முறைதான் எழுதலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

வரி, ஆடிட் பக்கமே இருக்கப் போகிறவர்களுக்கு முதல் லெவல் போதும் என்பது என் அபிப்பிராயம். பங்கு ஆராய்ச்சி, கடன் மதிப்பீடு என்றால் இரண்டாவதுதான் அன்றாட வேலைக்கு நேராக உதவும். அடுத்தவர் பணத்தை நிர்வகிக்கப் போகிறவர் மூன்றாவது வரை போயே ஆக வேண்டும். பயோடேட்டாவில் பெயருக்குப் பின்னால் சிஎஃப்ஏ லெவல் 2 என்று பட்டம் மாதிரிப் போட்டுக்கொள்வது நிறுவனத்தின் விதிப்படி தப்பு. இரண்டாம் லெவல் தேறியவர் என்று கல்வித் தகுதியில் எழுதலாம். மூன்றையும் முடித்தாலும் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரப் பொருத்தமான வேலை அனுபவத்தைக் காட்டி உறுப்பினரான பிறகுதான் அந்த மூன்று எழுத்து பெயரோடு சேரும்.