சட்டம் படிக்க விண்ணப்பிக்கும் தங்கைமாருக்கு

உயர்தரப் பெறுபேறு வெளியானதும் சோனகதெருப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "ராத்தா, சட்டம் படிக்கக் கலைப்பிரிவில்தான் இருக்க வேணுமா?" இல்லை. உயிரியல், கணிதம், வர்த்தகம் என எந்தப் பிரிவில் தோற்றியவரும் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவி என்பதால் இதைப் பலமுறை சொல்லிவிட்டேன். இம்முறை எழுதியே தருகிறேன்.

நம் நாட்டில் சட்டத்தரணியாக இரண்டு பிரதான வழிகள் உண்டு. ஒன்று, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஊடாகச் செல்லும் வழி. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களில் சட்டமாணிப் பட்டப் படிப்பு உள்ளது. இசட் புள்ளியே தெரிவைத் தீர்மானிக்கும். விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்பு ஒழுங்கில் எழுத வேண்டும். இந்த ஒழுங்கை அசட்டையாக நிரப்புவோர் பலர். சட்டம்தான் வேண்டுமென்றால் மூன்று பல்கலைக்கழகங்களின் சட்டத்தையும் அடுத்தடுத்து எழுதுங்கள். கொழும்பை மட்டும் எழுதிவிட்டு அடுத்ததாக வேறொரு பாடநெறியைப் போட்டால், யாழ்ப்பாணத்தில் சட்டம் கிடைக்கக்கூடிய புள்ளியோடு வேறு பீடத்துக்குப் போக நேரிடும். வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் திருநெல்வேலியில் இடம் இருக்கும்போது அது வீண் இழப்பு.

மற்ற வழி, 1874 முதல் இயங்கிவரும் இலங்கைச் சட்டக் கல்லூரி. கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. இங்கே இசட் புள்ளி பார்ப்பதில்லை. போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். ஒரு வினாத்தாள் மொழித்திறனுக்கு, மற்றது பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும். இசட் புள்ளி குறைந்ததால் கதவு மூடிவிட்டது என்று அழுகிற தங்கைமார் இந்தப் பரீட்சையை மறந்துவிடுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் சட்டமாணி முடித்தவர் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதத் தேவையில்லை. அங்குள்ள பரீட்சைகளில் சித்தியடைய வேண்டும். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி, அதன்பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம். திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டமாணி உண்டு. தொழில் செய்துகொண்டோ குடும்பம் நடத்திக்கொண்டோ படிக்க விரும்புவோருக்கு அது பொருத்தம்.

மொழித்தாளுக்கு எந்த வழிகாட்டி நூலையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை எடுங்கள். ஒரு நாளைக்கு ஓர் உறுப்புரையை வாசித்து, அதை உங்கள் உம்மாவுக்கு விளங்கும் தமிழில் ஐந்து வரியில் எழுதுங்கள். 126ஆம் உறுப்புரையில் தொடங்கலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும் என்கிறது. அந்த ஒரு மாதம் எந்த நாளில் தொடங்கும்? தடுப்புக்காவலில் இருப்பவர் எப்படி மனுச் செய்வார்? இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டு வாசித்தால் கிரகித்தலும் சுருக்கமும் தானாக வரும்.

மொழியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 2020 இறுதியில், சட்டக் கல்லூரியில் ஆங்கிலத்தை மட்டும் ஊடகமாக்கும் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியானது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை வாக்கெடுப்பில் நிராகரித்தது. நமக்கு நிம்மதிதான். ஆனாலும் வழக்குத் தீர்ப்புகளும் பாடநூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. யாழ்ப்பாண நீதிமன்றங்களோ தமிழில் நடக்கின்றன. ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் வாதாட வேண்டும். ஆங்கிலத்துக்குப் பயந்து சட்டத்தைக் கைவிடாதீர்கள். ஆங்கிலம் போதும் என்று தமிழையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பத்திரங்கள். பிறப்புச் சான்றிதழில் 'பாத்திமா', அடையாள அட்டையில் 'பஃதிமா', பரீட்சைச் சான்றிதழில் வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டு என நம் பெயர்கள் படும்பாடு நமக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் கையில் கிடைத்ததோடு வெளியேறிய குடும்பங்களில் பெற்றோரின் பத்திரங்களே இல்லாமல் போனதும் உண்டு. பெறுபேறு வரும்வரை காத்திராமல் உயர்தரம் முதலாம் வருடத்திலேயே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்ப முடிவுத் திகதி காத்திராது.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் குறைந்துவிட்டார்கள், ஆனால் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் காணியைப் பற்றித்தான் பேசுவேன். யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பமொன்றின் வளவைப் பல சட்டங்கள் சூழ்ந்திருக்கின்றன. வாப்பாவின் சொத்து பங்காகும்போது 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம். அதே வளவு கூட்டுச் சொத்தாக இருந்து ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போனால், மற்றப் பங்காளர்களுக்கு முன்னுரிமை தரும் தேசவழமை. தேசவழமை தமிழருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; இந்த முன்கொள்வனவு விதி வடமாகாணக் காணியைப் பின்தொடர்வது, ஆளை அல்ல. இதற்கெல்லாம் மேலாக, பத்து வருடம் தடையின்றி ஆண்டவருக்கு உரித்துத் தரும் ஆட்சியுரிமைச் சட்டம். நாம் புத்தளத்தில் இருந்தபோது இங்கே பத்து வருடங்கள் கழிந்துவிட்டன அல்லவா? அதற்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. யுத்தத்தால் காணிக்கு வரமுடியாதவர்களுக்கு எதிராக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிடக் கூடாது என்றது. ஆனால் அதன் பயனைப் பெற இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். என் உம்மம்மாவுக்கு அப்படியொரு சட்டம் வந்ததும் தெரியாது, காலம் முடிந்ததும் தெரியாது. வீட்டில் ஒருத்தி சட்டம் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

காதி நீதிமன்றமும் அப்படித்தான். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதியாக ஆணே நியமிக்கப்படலாம். காதி முன்னிலையில் சட்டத்தரணி தோன்றவும் முடியாது. தாபரிப்புக் கேட்டுப் போகும் பெண் தன் வழக்கைத் தானே சொல்ல வேண்டும். போவதற்கு முன் அவளோடு உட்கார்ந்து திகதிகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஒழுங்காக்கித் தர, சட்டம் தெரிந்த ஒரு பெண் தெருவுக்கு ஒருத்தியாவது வேண்டாமா?

தலையை மூடிக்கொண்டு நீதிமன்றம் போகலாமா என்று கேட்போருக்கு ஒரு பழைய கதை. யாழ்ப்பாணத்தவரான அத்துவக்காத்து மு. கா. அப்துல் காதர் 1905இல் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றாமல் வெளியேறினார். நாட்டின் முஸ்லிம்கள் மருதானைப் பள்ளிவாசல் வளவில் திரண்டு கேட்டார்கள். பின்னர் அனுமதி கிடைத்தது. இன்று ஹிஜாபுடன் வாதாடும் சகோதரிகள் பலர்.

விண்ணப்பம் நிரப்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். உம்மாவையோ வாப்பாவையோ கூட்டிக்கொண்டு யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதிக்கு ஒரு காலை போங்கள். திறந்த மன்றத்தில் யாரும் உட்காரலாம். கைபேசியை நிறுத்திவிட்டுப் பின்வாங்கில் இருந்து, சட்டத்தரணிமார் எழும்பி என்ன சொல்கிறார்கள், எந்த இடத்தில் நீதிபதி இடைமறிக்கிறார் என்று கவனியுங்கள். முதல் ஒரு மணித்தியாலம் அலுப்பாகத்தான் இருக்கும். திகதி போடுவதிலேயே போய்விடும். சாட்சி விசாரணை தொடங்கும்வரை இருங்கள்.