ஆங்கிலம் கற்போம்: அவர் சொன்னதை எழுதுவது எப்படி?

காணி உத்தியோகத்தர் 3ஆந் திகதி உங்களிடம், "நாளைக்கு உங்கட காணியைப் பார்க்க வருவன்" என்று சொல்லிப் போனார். வரவில்லை. 20ஆந் திகதி மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத இருக்கிறீர்கள். தமிழில் இது இலகு. அவர் வாயிலிருந்து வந்ததை அப்படியே வைத்து, பின்னால் 'என்று' போட்டால் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் பலர் இப்படி எழுதிவிடுகிறார்கள்:

த ஒபிசர் செட் தற் ஐ வில் விசிற் யுவர் லாண்ட் ருமொறோ.

வாசிப்பவர் என்ன விளங்கிக்கொள்வார்? 'ஐ' கடிதத்தில் கையொப்பமிட்டவர், அதாவது நீங்கள். 'யுவர்' கடிதத்தைப் பெறுபவருடையது. 'ருமொறோ' 21ஆந் திகதி. மேலதிகாரியின் காணியை நாளைக்கு நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள் என்றாகிவிட்டது! முறைப்பாட்டையே காணவில்லை. சரியான வசனம் இது:

த ஒபிசர் செட் தற் ஹீ வுட் விசிற் மை லாண்ட் த நெக்ஸ்ற் டே.

'தற்' எமது 'என்று' போன்றதுதான். ஆனால் அதற்குப் பின் வரும் எல்லாவற்றையும் எழுதுபவர் தாம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தே சொல்லவேண்டும். இதையே அயற்கூற்று என்கிறோம். 'த நெக்ஸ்ற் டே' என்பதற்குப் பதிலாகத் திகதியையே போட்டால் இன்னும் நல்லது.

மேற்கோட்குறிக்குள் அவர் சொன்னதை அப்படியே எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் அவர் பேசியது தமிழில் அல்லது சிங்களத்தில். குறிக்குள் வரும் ஆங்கிலம் உங்களுடையது, அவருடையதல்ல. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அவர் சொல்ல இடமுண்டு. அயற்கூற்றில் அந்தச் சிக்கல் குறைவு.

சொன்னது இறந்தகாலமானால் உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும்: 'வில்' 'வுட்' ஆகும், 'ஹாவ்' 'ஹாட்' ஆகும். இங்கே ஒரு அவதானம் வேண்டும். "என்னிடம் அனுமதிப்பத்திரம் இருக்கிறது" என்று நீங்கள் சொன்னதை 'ஐ ரோல்ட் ஹிம் தற் ஐ ஹாட் எ பெர்மிற்' என்று எழுதினால் இலக்கணம் சரி. ஆனால் அன்று இருந்தது, இன்று இல்லையோ என்று வாசிப்பவர் ஐயப்படலாம். இன்றும் உண்மையாக உள்ளதை நிகழ்காலத்திலேயே விட ஆங்கிலம் இடம்கொடுக்கிறது. ஆகவே 'ஐ ஹாவ் எ பெர்மிற்' என்றே எழுதுங்கள். காணி விடயத்தில் ஒரு 'ஹாட்' சின்ன விடயமல்ல.

'ரோல்ட்' என்றால் யாரிடம் என்பது உடனே வரவேண்டும்: 'ரோல்ட் மீ'. 'செட்' என்பதற்கு அது தேவையில்லை.

"உறுதி இருக்கிறதா?" என்று கேட்டதை 'ஹீ ஆஸ்க்ட் மீ வெதர் ஐ ஹாட் எ டீட்' என்று எழுதவேண்டும். இங்கே 'தற்' வராது. "காணியைத் துப்புரவாக்க வேண்டாம்" என்ற கட்டளை 'ஹீ ரோல்ட் மீ நொற் ரு கிளியர் த லாண்ட்' ஆகும்.

அடுத்தது 'புரொமிஸ்ட்' என்ற சொல். கந்தோரில் எமக்கு அதிகம் கிடைக்கும் பதில் "பார்ப்பம்" என்பதே. அதை 'ஹீ புரொமிஸ்ட்' என்று எழுதினால், கொடுக்காத வாக்கை அவர் தலையில் கட்டுகிறோம், கடிதமும் பலவீனமாகும். 'ஹீ செட் தற் தே வுட் சீ' என்று சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

"காணியை விடப்போகினமாம்" என்பதில் உள்ள 'ஆம்' ஆங்கிலத்தில் இல்லை. 'ஐ ஹேர்ட் தற்' என்று தொடங்கவேண்டும். சத்தியக் கடதாசியில் இந்த வேறுபாடு மிக முக்கியம். வாய்மொழிச் சான்று நேரடியானதாக இருக்கவேண்டும் என்பது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். கண்டதற்கு 'ஐ சோ', கேள்விப்பட்டதற்கு 'ஐ ஹேர்ட்'. இரண்டையும் கலக்கவேண்டாம்.

அரச கந்தோர்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமை எமக்குண்டு; 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலம் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பிரதிகளுக்குமே பெரிதும் உதவும்.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் அயற்கூற்றாக எழுதிப் பாருங்கள். விடைகள் அடுத்த இதழில்.

கிராம அலுவலர் என்னிடம், "நாளைக்கு வாரும்" என்றார்.
அவர், "உமது கிணறு எங்கே?" என்று கேட்டார்.
நான், "எங்கள் வயல் இரண்டு ஏக்கர்" என்றேன். (வயல் இன்றும் இரண்டு ஏக்கர்தான்!)