வீட்டின் முதல் பட்டதாரி

கேள்வி: எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி, தமிழ்வழி. அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். கோவையில் பொறியியல் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. பாடம் புரியவில்லை, கேட்கக் கூச்சம். ஊருக்கே திரும்பிவிடலாமா?
– வாசகி, அமராவதி நகர்

பதில்: வேண்டாம் தங்கையே. உனக்குக் குறைவது அறிவு அல்ல, பழக்கம். உன் அம்மாவிடம் கேட்டுப்பார். பனியன் கம்பெனியில் பலர் டெய்லருக்கு உதவும் கைமடி வேலைக்குச் சேர்ந்துதான் ஓவர்லாக் தையல் பழகுகிறார்கள். முதல் நாளே யாருக்கும் தையல் நேராக ஓடுவதில்லை.

நாளைய பாடத்தின் கலைச்சொற்களை இன்றிரவே தமிழில் பொருள் எழுதிப் படி. வகுப்பில் கேட்கக் கூச்சமென்றால், முடிந்ததும் ஆசிரியரிடம் தனியாகக் கேள், தமிழிலேயே கேள். சீனியர்களில் உன்னைப் போல் தமிழ்வழியில் வந்தவர்களைத் தேடு. வழி அவர்களுக்குத் தெரியும்.

பணக் கவலையும் பாதிப் பயத்துக்குக் காரணம். கலந்தாய்வில் சேரும் முதல் பட்டதாரிகளுக்கு 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிலேயே வரும். இவை தயவல்ல, உன் உரிமை. கல்லூரி அலுவலகத்தில் இன்றே விசாரி.

லீவுக்கு ஊருக்குப் போ. படிப்பை விட்டுவிட்டுப் போகாதே. உனக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு வழிகாட்ட வீட்டிலேயே ஓர் ஆள் இருப்பாள். அது நீதான்.