முதலில் ஒழுகும் இடம், பிறகுதான் ஸ்பானர்

சித்திரை மாதத்துப் பகல். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கத்துச் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு பழைய மாருதி 800 பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளேயிருந்து ஆவி பறக்கிறது. பக்கத்து வயல் மோட்டாரிலிருந்து ஒரு குடம் தண்ணீர் வருகிறது. ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த வாரமும் இதே காட்சி, வேறொரு மரத்தடியில்.

வண்டியைக் காப்பாற்றியதாக நினைக்கிற அந்தக் குடத்துத் தண்ணீர்தான் ரேடியேட்டரை மெல்ல மெல்லக் கொல்கிறது. பெரம்பலூரின் கிழக்குப் பகுதியும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலடி. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமே அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான். 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது. முட்டை இல்லை, பழைய கடற்படிவில் திரண்ட கற்கள் என்று பிறகு தெரிந்தது. நிலத்தடியில் இருக்கும் அந்தச் சுண்ணாம்பு போர்த் தண்ணீரிலும் கரைந்து வருகிறது. வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளை படிவதைப் பார்த்தவர்களுக்கு, அதைவிடப் பல மடங்கு மெல்லிய ரேடியேட்டர் குழாய்க்குள் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் சாலைக்கு வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடரும் நின்றுபோனது. ஆகவே இன்று ஓடுகிற கடைசி வண்டிக்குக்கூடப் பத்து வயதுக்கு மேல். ரப்பர் ஹோஸுக்கு அது கிழப்பருவம். லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வண்டிக்காரர் வளைகுடாவில் இருக்க, கார் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். ஓடாத வண்டிதான் அதிகம் ஒழுகும்: ரப்பர் காய்ந்து வெடிக்கிறது, வாட்டர் பம்ப் சீல் இறுகிப்போகிறது.

தண்ணீர் உண்மையிலேயே குறைகிறதா என்பதில் தொடங்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் கூலன்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கிற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மூன்று நாள் காலையில் பார்க்கவும். கோட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ போகிறது. டப்பா நிரம்பியிருந்து ரேடியேட்டர் மட்டும் காலியாக இருந்தால் அது வேறு கதை. மேல் ஹோஸ் காலையில் சப்பிப்போய்க் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் குற்றவாளி பெரும்பாலும் ரேடியேட்டர் மூடிதான். ஆறும்போது டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் சின்ன வால்வு மூடியில் இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டால் போன தண்ணீர் திரும்பாது.

இரவில் இன்ஜினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து விடவும். விடிந்ததும் ஈரம் எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. பச்சையோ சிவப்போ கலந்து, விரலில் வழவழப்பாக, லேசாக இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். கறுப்பும் பிசுபிசுப்பும் என்றால் ஆயில். ஏசி போட்டு ஓட்டி வந்த பிறகு சொட்டுகிற நிறமில்லாத, மணமில்லாத நீரைக் கண்டு பயந்து மெக்கானிக்கைத் தேடி ஓடுபவர்கள் உண்டு. அது வெறும் ஏசி தண்ணீர்.

தாளில் ஒன்றும் விழவில்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது. சூடான இன்ஜின்மேல் சொட்டும் துளி தரைக்கு வருமுன் ஆவியாகிவிடும். ஆனால் அது தடம் விட்டுப் போகும்: ஹோஸ் வாயில், பம்புக்குக் கீழே, ரேடியேட்டர் ஓரத்தில் உப்புப் பூத்தது போல வெள்ளையோ பச்சையோ படிந்திருக்கும். டார்ச் அடித்து அந்தத் தடத்தின் கீழ்க்கோடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். தண்ணீர் கீழ்நோக்கித்தானே ஓடும், உச்சியில் இருக்கும் ஈரம்தான் ஊற்றுக்கண். ஹீட்டர் உள்ள வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கால்மிதி ஈரமாகி, உள்ளே இனிப்பு வாடை வந்தால் வெளியே தேட வேண்டாம். ஹீட்டர் கோர் பிய்ந்திருக்கிறது.

கண்ணுக்குத் தப்பினால் பிரஷர் போட்டுப் பார்க்க வேண்டும். கையால் அடிக்கும் சின்ன பம்பும் மீட்டரும் கொண்ட கருவி பல பட்டறைகளில் இருக்கிறது. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அளவுவரை மட்டும் காற்றடிக்க வேண்டும். பல சிறிய கார்களில் அது 0.9 பார். கால் மணி நேரம் முள் நகராமல் நின்றால் சரி. இறங்கினால் எங்கோ சொட்டுகிறது, காது கொடுத்தால் சீறல்கூடக் கேட்கும். பெரிய வேலை எதையும் ஒப்புக்கொள்ளுமுன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குவது நல்லது. பார்க்காமலே ரேடியேட்டரை மாற்றச் சொல்லும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

அந்த 0.9 எதற்கு? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அந்த மூடி அழுத்திப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை தாங்கும், கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ ஓட்டை எங்கும் இல்லாமலே வண்டி கொதித்துத் தண்ணீரை வெளியே தள்ளும். இருப்பதிலேயே மலிவான பாகம் இதுதான், ஆகவே முதலில் இதை மாற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை. அளவு அதேதான் இருக்க வேண்டும். கூடுதல் அழுத்த மூடியைப் போட்டால் கிழட்டு ஹோஸ் வெடிக்கும்.

ஹோஸ் மாற்றுவதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். இன்ஜின் முழுதாக ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி விடவும், ஃபேன் தானாகச் சுற்றி விரலைப் பதம் பார்க்காமல் இருக்க. அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பை வைத்து, ரேடியேட்டரின் கீழ்ப் பிளக்கையோ கீழ் ஹோஸையோ தளர்த்தி வடியவிடவும். சிறிய காரில் நாலு லிட்டர் வரை வரும். ஒட்டிப்போன பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள், ரேடியேட்டர் மூக்கு உடைந்தால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்தெடுக்கவும். மூக்கில் படிந்த சுண்ணாம்பை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, விரலைச் சுற்றி ஓட்டிப் பார்க்கவும். ஒரு மணல் அளவு நெருடல் இருந்தாலும் அந்த வழியாகத்தான் நாளை சொட்டும். புது ஹோஸின் உட்புறத்தில் கொஞ்சம் கூலன்ட் தடவி ஏற்றவும். கிரீஸும் ஆயிலும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். மூக்கின் விளிம்பில் மேடாக ஒரு வளையம் இருக்கும். கிளிப் அதற்கு உட்புறமாக உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. இறுக்கியபின் ஒருமுறை சூடாகி ஆறியதும் கிளிப்பை மறுபடி அரைச் சுற்று முடுக்கிப் பார்க்கவும்.

வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் போனதைத் தெரிவிப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதில் சொட்டினால் பம்பை மாற்ற வேண்டும். எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைத்திருக்கும் வண்டிகளும் ஓடத்தான் செய்கின்றன. தண்ணீர் பேரிங்குக்குள் போய்ப் புல்லி கழன்று விழும்வரை. சில இன்ஜின்களில் பம்பை டைமிங் பெல்ட்தான் சுற்றுகிறது. அங்கே பம்ப் மாற்றும்போதே பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும்.

ரேடியேட்டரே ஒழுகினால், பித்தளையும் செம்பும் கொண்ட பழைய அம்பாசிடர் வகைக்கு ஈயம் வைத்து அடைக்கலாம், பல ஆண்டு தாங்கும். அலுமினியக் கோருக்கு மேல் பிளாஸ்டிக் டேங்க் வைத்த பிற்கால வகையில் அந்த மடிப்பில் கசிந்தால் புதிது வாங்குவதே லாபம். ரோட்டில் மக்காச்சோளம் காயப்போடும் பருவத்தில் சருகும் தூசியும் போய் ஃபின்னை அடைத்துக்கொள்ளும். ஒழுகலே இல்லாமல் சூடேறும் வண்டிக்கு முதலில் அதைக் கழுவிப் பார்க்கவும், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, வேகமில்லாத தண்ணீரில்.

சூடேறுகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்பது நம் ஊர்ப் பக்கத்து வைத்தியம். 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும் அந்த வால்வு இல்லாவிட்டால் இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கசிவோ அப்படியே இருக்கும்.

ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் மட்டும் கையை வைக்க வேண்டாம். அடையாளம் இவை: வெளியே சொட்டாமலும் தடமில்லாமலும் தண்ணீர் குறையும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், டிப்ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் பாலாடை போல இருக்கும். ஆறிய இன்ஜினை மூடியில்லாமல் ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போகவும். ஒரே ஒருமுறை நன்றாகக் கொதித்தாலும் அலுமினிய ஹெட் வளைந்துவிடக்கூடும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பார்த்துப் போட வேண்டும்.

நடுவழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினையும் நிறுத்திவிட வேண்டும். அரை மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது. பிறகும் தடித்த துணி போட்டு, முதல் திருகில் நிறுத்தி, சீறல் அடங்கியபின் திறக்க வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் கீறல் விடலாம். ஹோஸில் பொத்தல் என்றால் சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றலாம். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் லாரிக்காரர்கள் கைவைத்தியமும் பட்டறை வரைக்கும் வேலை செய்யும். ஆனால் அந்த மஞ்சள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. பிறகு முழுதாகக் கழுவியே ஆக வேண்டும்.

வேலை முடிந்ததும் கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றவும். கலந்தே விற்கும் கேன் என்றால் அப்படியே ஊற்றலாம். ஹீட்டர் இருந்தால் திறந்து வைத்து, மூடி இல்லாமல் இன்ஜினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். வண்டியின் மூக்கு மேடான பக்கம் இருந்தால் சீக்கிரம் போகும். மட்டம் இறங்க இறங்க நிரப்பி, கீழ் ஹோஸும் சூடானபின் மூடவும். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, மறுநாள் காலை பழைய கோட்டைப் பார்க்கவும்.

வடித்த பழைய கூலன்டை வாய்க்காலில் கொட்ட வேண்டாம், திறந்த டப்பில் விட்டுவிட்டுப் படுக்கவும் வேண்டாம். அது இனிக்கும்; ஆடும் நாயும் தேடி வந்து குடிக்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் பழுதாகிச் செத்துவிடும். கேனில் அடைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.