வேல்ஸுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

சிறுபான்மை மொழிகளையும் அவற்றைப் பேசுவோரின் அடையாளத்தையும் ஆராய வேல்ஸ் போகும் மாணவர்கள், கிளம்புமுன் யோசனை கேட்டு வருவார்கள். அவர்களிடம் நான் சொல்பவை இவை.

1. கார்டிஃபிலேயே தங்கிவிடாதீர்கள். வசதியான ஊர்தான், ஆனால் பெயர்ப்பலகையில் இரண்டு மொழி இருந்தாலும் தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் ஆங்கிலம். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசத் தெரியும் என்றவர்கள் வேல்ஸ் முழுவதும் 17.8 விழுக்காடு, வடமேற்கே குவினெத்தில் 64 விழுக்காட்டுக்கும் மேல். கார்னார்வன் போன்ற ஊரில் அறை பாருங்கள். அங்கே கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே வெல்ஷில் பேசுவார்.

2. போகுமுன் கொஞ்சமாவது வெல்ஷ் படியுங்கள். உங்கள் வசதிக்காகச் சொல்லவில்லை. அங்கே வெல்ஷ் பேசும் பெரியவர்கள் எல்லோருக்குமே ஆங்கிலம் தெரியும். ஐந்து பேர் வெல்ஷில் அரட்டையடிக்கும் மேசைக்கு, அது தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். மரியாதை கருதி ஐவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக மரத்துண்டைத் தொங்கவிட்ட பள்ளிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருப்பீர்கள். இந்த மரியாதையைப் பற்றி அவ்வளவு படித்திருக்க மாட்டீர்கள். ஆராய வந்த நீங்களே அந்த ஆறாவது ஆள் ஆகலாமா? 'எனக்குப் பாதிதான் புரியும், நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள்' என்று வெல்ஷில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். லீன் தீபகற்பத்தில் நான்ட் குர்த்தைர்ன் என்ற பழைய கல்குவாரிக் கிராமம், இப்போது தங்கிப் படிக்கும் மொழிப்பள்ளி. முடிந்தால் முதல் வாரத்தை அங்கே கழியுங்கள்.

3. மழைக்கோட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்தை நம்பாதீர்கள்.

4. கெலின் அணைக்குப் போய் வாருங்கள். லிவர்பூலின் தண்ணீருக்காக 1965இல் கேப்பல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமம் இதில் மூழ்கியது. வேல்ஸின் பெரும்பாலான எம்.பி.க்கள் எதிர்த்தும் நாடாளுமன்றம் அனுமதித்தது. அந்த ஊரைப் பற்றி இன்றும் சூடாகப் பேசுவார்கள். கேளுங்கள், உடனே நோட்டை எடுக்காதீர்கள்.

5. ஆகஸ்டில் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வோட் கலைவிழாவைத் தவறவிடாதீர்கள். போட்டிகள் வெல்ஷில் மட்டுமே. மரபுக்கவிதையில் வென்றவருக்கு நாற்காலிதான் பரிசு. ஆனால் விழாக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு மொழி செழிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு வெல்ஷ்வழிப் பள்ளியில் இடைவேளை நேரத்தில் நில்லுங்கள். ஆசிரியரிடம் வெல்ஷ் பேசிய பிள்ளை, பந்தைக் கேட்கும்போது எந்த மொழியில் கத்துகிறது? எனக்கு எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்தக் கத்தல்தான் பெரிது.

6. நம் தமிழும் இப்படித்தானே என்று ஒப்பிடக் கை துடிக்கும். கோடிக்கணக்கானோர் பேசும், ஒரு மாநிலத்தின் ஆட்சிமொழி அது. அந்த ஒப்பீடு பொருந்தாது. ஒப்பிட்டே தீரவேண்டுமானால் மதுரை வீடுகளில் பேசும் சௌராஷ்டிரத்தை, நீலகிரியின் தோடர் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஆங்கிலத்தின் இடத்தில் இருப்பது நாம்.

7. பதிவு செய்த பேச்சின் நகலை, பேசியவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஊர் திரும்பியபின் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனவர்களை அங்கே நிறையப் பார்த்துவிட்டார்கள்.