மேகமலை ஏறும் பழைய ஹைபிரிட்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பழைய ஹைபிரிட் காரில் ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் போதும், "பெரிய பேட்டரி போயிருச்சுண்ணே, லட்சக்கணக்குல ஆகும்" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. பல நேரம் பெரிய பேட்டரிமேல் குற்றமே இருக்காது. டிக்கியில் கிடக்கும் சின்ன பேட்டரி, தூசி அடைத்த ஃபேன், ஓடாமல் நின்றுபோன குட்டி பம்ப் இவற்றில் ஏதாவது ஒன்று வேலையைக் காட்டியிருக்கும். சின்னமனூரிலிருந்து மேகமலையின் ஹைவேவிஸுக்குப் போகிற மலைப்பாதை இத்தனையையும் ஒரே பயணத்தில் சோதித்துவிடும். அடிவாரத்து வெயிலில் காய்ந்த வண்டி, பூப்பெயர் சூடிய பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, பிறகு அதே ஆயிரம் மீட்டரை இறங்க வேண்டும். ஏற்றத்தில் சூடு எதிரி, இறக்கத்தில் பிரேக்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் அதிகம் கண்ணில் படுவது மாருதி எர்டிகா, சியாஸ் வண்டிகளின் 'ஸ்மார்ட் ஹைபிரிட்'. 2015-இல் டீசலில் வந்தது, 2018-இல் லித்தியம் பேட்டரியோடு பெட்ரோலில் வந்தது. இவை மின்சாரத்தில் மட்டும் ஓடாது. பெல்ட்டில் சுற்றும் ஒரு மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். 2008-இல் வந்த ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 2010-இல் வந்த டொயோட்டா பிரியஸ், 2013-இல் பிடதியில் பூட்டத் தொடங்கிய கேம்ரி ஹைபிரிட் ஆகியவை வேறு சாதி. பிரியஸில் 201.6 வோல்ட், கேம்ரியில் 244.8 வோல்ட் நிக்கல் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைக்கு. எர்டிகாக்காரர்களுக்கு உரியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செய்யுங்கள்: சிக்னலில் இன்ஜின் தானாக அணைவது நின்றுவிட்டால், முதலில் சீட் பெல்ட், ஏ.சி. அளவு, பானட் சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியைச் சோதியுங்கள். அதுவும் சரி என்றால் மோட்டார் பெல்ட்டைப் பாருங்கள்; கீச்சென்று கத்துகிறதா, வெடித்திருக்கிறதா என்று.

வேண்டாம்: விலை குறைவு என்று சாதாரண பேட்டரியை மாட்டாதீர்கள். அடிக்கடி அணைந்து எழுகிற இன்ஜினுக்கு இ.எஃப்.பி. வகைதான் தாங்கும். பெட்ரோல் வண்டியில் லித்தியம் பேட்டரி முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. சுற்றுலா முடிந்து வந்ததும் காருக்குள் தரை விரிப்பில் ஹோஸ் பிடித்து அடிக்கும் பழக்கத்தை அத்தோடு விட்டுவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

செய்யுங்கள்: மல்டிமீட்டரை 12 வோல்ட் பேட்டரியில் வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் 12.6 காட்டினால் நலம், 12-க்குக் கீழே என்றால் அது முடிந்த கதை. பிறகு 'ரெடி' விளக்கு எரியும்வரை வண்டியை உயிர்ப்பித்து மறுபடி பாருங்கள். 14-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு மின்சாரம் தரும் கன்வெர்ட்டர் பக்கம் கோளாறு. அந்த வண்டியோடு மலைக்குப் போகாதீர்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. சின்ன பேட்டரியின் வேலை கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் ரிலேக்களை மூடுவதும்தான். அது சோர்ந்தால் டேஷ்போர்டில் உள்ள விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து, பார்க்கிறவருக்கு வண்டியே செத்துவிட்டதுபோல் தெரியும். லட்சக்கணக்கில் செலவு என்ற பயம் பிறப்பது பெரும்பாலும் இங்கேதான்.

வேண்டாம்: டிக்கிக்குள் இருக்கும் அந்தப் பேட்டரிக்குப் பதிலாக, தண்ணீர் ஊற்றுகிற சாதாரண பேட்டரியை வைக்காதீர்கள். அதிலிருந்து எழும் வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் கேபினுக்குத்தான் வரும். ஏ.ஜி.எம். வகையை வாங்கி, வென்ட் குழாயை மறக்காமல் மாட்டுங்கள்.

செய்யுங்கள்: இன்வெர்ட்டருக்கு என்று தனி கூலண்ட் டப்பா உண்டு. வண்டி ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, 'ரெடி'யில் வைத்து எட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் சுழன்று அலையாட வேண்டும். அசையாமல் கிடந்தால் மின்சார பம்ப் போயிருக்கிறது, இல்லையென்றால் அதன் ஃபியூஸ். சமவெளியில் இது தெரியவே தெரியாது. ஐந்தாறு வளைவு ஏறியபின் இன்வெர்ட்டர் கொதித்து, சிவப்பு முக்கோணம் எரிந்து, வண்டி நடுவழியில் படுத்துவிடும்.

வேண்டாம்: ஓடைத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அந்த டப்பாவில் ஊற்றாதீர்கள். இன்ஜின் ரேடியேட்டருக்கு ஆபத்து வேளையில் ஊற்றிய பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

2010 பிரியஸ் வைத்திருப்பவருக்குத் தனியாக ஒன்று: காலையில் முதல் தடவை இன்ஜின் எழும்போது வண்டி குலுங்கி, கூலண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், புகையை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். பாதையில் கரி அடைத்து ஹெட் கேஸ்கெட் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். அதை முடித்துவிட்டு மலையை யோசியுங்கள்.

பெட்ரோல் டேங்கைச் சின்னமனூரிலேயே நிரப்புங்கள். பெட்ரோல் தீர்ந்தபின் மின்சாரத்தில் உருட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால், பெரிய பேட்டரி அடியோடு வடிந்துவிடும். அப்புறம் அதற்கென்று இருக்கும் சார்ஜரைத் தேடி அலைய வேண்டும்.

ஏற்றத்தில்

செய்யுங்கள்: விடிந்ததும் ஏறுங்கள். நிக்கல் பேட்டரிக்கு வெயில் ஆகாது. தென்பழனி சோதனைச் சாவடி தாண்டும்வரை ஏ.சி. ஓடட்டும். அது உங்களுக்காக இல்லை. பெரிய பேட்டரி மூச்சு விடுவது கேபின் காற்றைத்தான். பின் இருக்கைப் பக்கத்திலோ, இருக்கைக்குப் பின்னாலுள்ள தட்டிலோ ஒரு சல்லடை மூடி தெரியும். அதுதான் அதன் மூக்கு.

வேண்டாம்: அந்தச் சல்லடைமேல் தலையணை, போர்வை, குழந்தை பை எதையும் சாய்க்காதீர்கள். குடும்பத்தோடு மலைக்குப் போகிறவர்கள் தவறாமல் செய்வது இதைத்தான்.

ஃபேன் சத்தம் அதிகமாகக் கேட்டால் சல்லடையையும் உள்ளே இருக்கும் ஃபேன் இதழ்களையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய வண்டியில் நாய் முடி, துணி நூல், தூசி எல்லாம் சேர்ந்து கம்பளிபோல ஒட்டியிருக்கும். பெரிய பேட்டரியின் ஆயுளை நீட்டுவதற்கு இவ்வளவு மலிவான வேலை வேறில்லை.

ஏற்றத்தில் இன்ஜின் இரைவது கோளாறு அல்ல. டேஷ்போர்டில் பேட்டரி அளவைக் காட்டும் கோடுகள் இரண்டுக்கு இறங்குவதும் இயல்புதான். கோடுகள் நிமிஷத்துக்கு ஒருமுறை மேலும் கீழும் குதித்தால்தான் பார்க்க வேண்டும். முழுதாக இருந்தது சட்டென்று அடிமட்டம் போய், மறுபடி சட்டென்று நிரம்பினால், பெரிய பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் மாட்யூல்களில் ஏதோ ஒன்று சக்தி இழந்திருக்கிறது.

இறக்கத்தில்

ஹைபிரிட்காரர்கள் ஏமாறுகிற இடம் இது. பிரேக் மிதித்தால் மோட்டார் சக்கரத்தைத் தடுத்து மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும், அதனால் பிரேக் தேயாது என்று விற்றவர் சொல்லியிருப்பார். ஊருக்குள் அது உண்மை. மேகமலையில் கணக்கு வேறு. 1,600 கிலோ எடையுள்ள கேம்ரி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது அவிழும் ஆற்றல் நான்கு யூனிட் மின்சாரத்துக்கு மேல். அதன் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே சுமார் 1.6 யூனிட், அதிலும் பாதிக்கும் குறைவாகத்தான் கம்ப்யூட்டர் பயன்படுத்த விடும். காற்றும் சாலையும் தின்றதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பெரும்பாலான வளைவுகள் பாக்கி இருக்கும்போதே பேட்டரி நிரம்பிவிடும். கொள்ளளவு குறைந்த பழைய பேட்டரி இன்னும் சீக்கிரம் நிரம்பும். அதற்குப் பிறகு பாரம் முழுவதும் சாதாரண டிஸ்க்கும் பேடும் தாங்க வேண்டியதுதான்.

அந்தப் பிரேக் எப்படி இருக்கும்? ஆண்டுக்கணக்கில் வேலையே இல்லாமல் இருந்தது. டிஸ்க்கில் துரு, காலிபர் பின்கள் இறுகி, ஃப்ளூயிட் ஈரம் உறிஞ்சி. தேயவில்லை என்பதற்காகவே யாரும் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். மற்ற கார்களில் தேய்மானம் பிரேக்கைக் கெடுக்கும், இதில் ஓய்வு கெடுக்கும்.

செய்யுங்கள்: மலைக்குப் போகும் முன் நான்கு சக்கரத்தின் காலிபர் பின்களையும் கழற்றி, கிரீஸ் போட்டு, பேட் சரளமாக நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஃப்ளூயிட் மாற்றி மூன்று ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

செய்யுங்கள்: பிரியஸ், கேம்ரியில் 'டி'க்கு அடுத்து ஒரு 'பி' இருக்கிறது. பார்க்கிங் 'பி' இல்லை, பிரேக் 'பி'. முதல் வளைவுக்கு முன்பே அதில் போடுங்கள். பேட்டரி நிரம்பியதும் மிச்ச மின்சாரத்தால் கம்ப்யூட்டர் இன்ஜினைச் சும்மா சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். இன்ஜின் திடீரென்று அலறும். பயப்பட வேண்டாம், பெட்ரோல் செலவாகவில்லை.

வேண்டாம்: நியூட்ரலில் இறக்காதீர்கள். டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு ஜீப்பை அப்படி இறக்குகிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அது எந்த வண்டியிலும் தப்பு. ஹைபிரிட்டில் நியூட்ரல் போட்டால் மோட்டாரும் தடுக்காது, பேட்டரியும் சார்ஜ் ஆகாது.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின்னும், சில விநாடிக்கு ஒருமுறை பானட் பக்கம் 'உர்ர்' என்று பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறதா? பிரேக் ஆக்சுவேட்டரில் அழுத்தம் நிற்கவில்லை என்று அர்த்தம். அந்த வண்டி மலைக்கே போகக் கூடாது.

வழியில் நின்றுவிட்டால்

செய்யுங்கள்: வளைவுக்கு முன்னோ பின்னோ அகலமான இடத்தில் ஒதுக்கி, பார்க்கிங்கில் போட்டு, அணைத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூட்டினால் நின்றது என்றால் பத்து இருபது நிமிஷத்தில் மீண்டும் எழும். எந்தெந்த விளக்கு எரிகிறது என்று போனில் படம் எடுத்துவையுங்கள்.

சின்ன பேட்டரி செத்திருந்தால் ரிமோட் சாவி வேலை செய்யாது, டிக்கியும் திறக்காது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் சாதாரண சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பிரியஸில் பானட்டுக்குள் ஃபியூஸ் பாக்ஸில் சிவப்பு மூடி போட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஜம்பர் கேபிளின் பாசிட்டிவ் அங்கே. வண்டியை உயிர்ப்பிக்கக் கொஞ்சம் மின்சாரம் போதும், சின்ன கார் பேட்டரியே தாராளம்.

வேண்டாம்: பாசிட்டிவ் நெகட்டிவ் மாற்றிக் கொடுக்காதீர்கள், கம்ப்யூட்டர்களே போய்விடும். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து கேபிள் எடுத்து எஸ்டேட் டிராக்டரை ஸ்டார்ட் செய்து உதவி செய்யவும் போகாதீர்கள்.

வேண்டாம்: முன்சக்கரம் தரையில் உருள வண்டியை இழுக்காதீர்கள். சக்கரம் சுற்றினால் உள்ளே மோட்டாரும் சுற்றும். முன்பக்கத்தைத் தூக்கும் கிரேனோ, முழு வண்டியையும் ஏற்றும் லாரியோதான் சரி. இறக்கத்தில் கயிறு கட்டி இழுப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பாதையில் போக்குவரத்து இல்லை. யானையும் காட்டுமாடும் நடமாடுகிற, 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அது. சிக்னலும் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மதியம் மூன்று மணிக்கு ஒரு விளக்கு எரிந்தால், 'பார்த்துக்கலாம்' என்று மணலாறு, இரவங்கலாறு பக்கம் மேலும் போகாமல் திரும்பிவிடுங்கள்.

பட்டறையில்

செய்யுங்கள்: பிழைக் குறியீட்டை அழிப்பதற்கு முன் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஸ்கேனர் 'பி0ஏ80' காட்டினால் பெரிய பேட்டரியைப் பார்க்க வேண்டும், 'பி0ஏ93' காட்டினால் இன்வெர்ட்டர் குளிர்விப்பை. இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். புளூடூத் ஸ்கேனரும் 'டாக்டர் பிரியஸ்' என்ற செயலியும் இருந்தால் நீங்களே பார்க்கலாம். கேம்ரியின் 34 மாட்யூல்கள் 17 ஜோடியாகத் திரையில் வரும். முடுக்கும்போது ஒரே ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தால், அந்த ஜோடிதான் நோயாளி. எல்லாம் சேர்ந்து சரிந்தால் பேட்டரிக்கே வயதாகிவிட்டது.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றுவது தற்காலிகம்தான். புதிதாகப் போட்டதற்கும் பழையவற்றுக்கும் ஒத்துப்போகாமல் சில மாதத்தில் அடுத்தது விழும். ஜப்பானிலிருந்து பழைய ஹைபிரிட்டுகள் ஏராளமாக இறங்கிய இலங்கையில், மாட்யூல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, சம வலு உள்ளவற்றைச் சேர்த்துக் கட்டுவது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அப்படிச் செய்யத் தெரிந்தவரிடம் போனால் பயன் உண்டு. அதற்கும் முன்னால், மாட்யூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மலை ஈரத்தில் நின்ற வண்டியில், தகட்டைத் தேய்த்து மாட்டியதிலேயே கோளாறு தீர்ந்துவிடுவதும் உண்டு.

வேண்டாம்: பெரிய பேட்டரியின் ஆரஞ்சு நிற வயரை யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. நம் ஊர் மெக்கானிக்குகளின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இருநூறு வோல்ட் டி.சி. கைத்திறனைப் பார்க்காது. சாவியை வண்டியிலிருந்து தள்ளி வைத்து, 12 வோல்ட்டைக் கழற்றி, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு சர்வீஸ் பிளக்கை உருவி, வேலை செய்கிறவர் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கெப்பாசிட்டர்கள் வடியப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கலாம். இந்த வரிசை தெரியாத பட்டறை என்றால் ஆயில், பெல்ட், டயரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேண்டாம்: 'ரெடி'யில் இருக்கும் வண்டியின் பானட்டுக்குள் கை விடாதீர்கள். சத்தமில்லாமல் நிற்கும் இன்ஜின் தானாக எழும்.

வேண்டாம்: கழற்றிய பெரிய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். மிச்ச மின்சாரம் அதில் இன்னும் இருக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் கடமை. டீலரிடமே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.